குழாய் வளைவுகளில் உள்ளழுத்தத்தின் விளைவு

ஹஜீராவிலிருந்து பிஜய்ப்பூர் வழியாக ஜகதீஷ்பூர் வரை செல்லும் இயற்கை வாயுக் குழாய்த்தொடர், உர ஆலைகளையும் மின் நிலையங்களையும் கருத்திற்கொண்டு 1980-களில் அமைக்கப்பட்டது. அதன் முதன்மைக் குழாய் 36 அங்குல விட்டமுடையது. இத்தகைய தொடர்களின் பெரும்பகுதி மண்ணில் புதைந்திருப்பதால் எளிதில் அசைவதில்லை. வாயுவை மீண்டும் அழுத்தி அனுப்பும் கம்ப்ரசர் நிலையங்களிலோ குழாய்கள் தரைக்கு மேலும் செல்கின்றன, வெப்பத்தால் நீளுகின்றன. அந்நீட்சிக்கு இடங்கொடுப்பவை பெரும்பாலும் வளைவுகளே.

வளைக்கும் விசை தாக்கும்போது வளைவின் வட்டமான குறுக்குவெட்டு சற்றே நசுங்கி நீள்வட்டமாகிறது. இதனால் அதே நீளமுள்ள நேர்க்குழாயைவிட அது பன்மடங்கு நெகிழ்கிறது. 1911-ல் தியோடர் வான் கார்மன் இதனைக் கணித்துக் காட்டினார். ஆனால் நசுங்கும் இடத்தில் தகைவும் மிகுகிறது.

உள்ளழுத்தம் இந்த நசுங்கலை எதிர்க்கிறது. காற்று நிரம்பிய சைக்கிள் டியூபை விரலால் அமுக்கிப் பார்த்தவர்க்கு இது புதிதன்று. ஆனால் எஃகுக் குழாயிலும் இவ்விளைவு பெரிது என்பதே வியப்பு. 36 அங்குல விட்டமும் 12.7 மி.மீ. தடிமனும் உடைய குழாயில், விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஆரமுள்ள வளைவு ஒன்றைக் கொள்வோம். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பி 31.3 விதித்தொகுப்பின்படி, அழுத்தமில்லாதபோது அதன் நெகிழ்வுக் கெழு ஏறத்தாழ 19. 70 பார் அழுத்தத்தில் 8.5 மட்டுமே. வளைவின் தளத்தில் தகைவு மிகும் விகிதமும் 4.6-லிருந்து 1.7 ஆகக் குறைகிறது. அதே அழுத்தத்தில் 8.2 மி.மீ. தடிமனுள்ள 8 அங்குலக் குழாயில் நெகிழ்வு பத்தில் ஒரு பங்கே குறையும். எனவே சிறிய, தடித்த குழாய்களில் இதனைப் புறக்கணிப்பதில் தவறில்லை.

வளைவில் தகைவு குறைவது நன்மையே. எனினும், விறைத்த வளைவு ஏற்க மறுக்கும் நீட்சி, குழாய் கம்ப்ரசருடன் இணையும் வாயில் விசையாகச் சேர்கிறது. அங்கு மிகும் விசை சுழல்தண்டின் நேர்மையைக் குலைத்து, தாங்கிகளைத் தேய்க்கக்கூடும். அழுத்தத்தை விட்டுவிட்ட கணக்கு வளைவைப் பொறுத்தவரை மிகைப் பாதுகாப்பு. இயந்திரத்தைப் பொறுத்தவரை குறைப் பாதுகாப்பு.

நெகிழ்வைச் சாராத மற்றொரு விளைவும் உண்டு. அழுத்தத்தால் சுவரில் எழும் சுற்றுத்தகைவு, இத்தகைய வளைவின் உட்புறத்தில் நேர்க்குழாயைவிட ஏறத்தாழ கால் பங்கு மிகுதி. தடிமனைத் தீர்மானிக்கையில் அதனைத் தனியே கவனிக்கவேண்டும்.

குழாய் அழுத்தமின்றியே சூடேறும் வேளைகளும் உண்டாதலால், வளைவின் தகைவை அழுத்தமின்றியும், கம்ப்ரசர் வாயின் விசையை முழு அழுத்தத்துடனும் கணக்கிடுவதே தக்க முறையாகும்.