ஏஐயிடம் கேட்பதா, கூகுளில் தேடுவதா? ஏற்காடு கிளம்புமுன் 7 குறிப்புகள்

லீவு விட்டால் சொந்தபந்தமெல்லாம் ஏற்காட்டுக்குக் கிளம்பிவிடும். எதை எதில் கேட்பது என்று தெரிந்தால் நேரமும் மிச்சம், பெட்ரோலும் மிச்சம்!

1. 'ஒரே நாள், ஆறு பேர், பாட்டிக்கு முழங்கால் வலி' என்று விவரம் சொல்லி, சுற்றிப் பார்க்கும் வரிசையை சாட்ஜிபிடியிடம் போடச் சொல்லுங்கள். ஆனால் அது சில நேரம் இல்லாத இடத்தையும் இருப்பதுபோல் அடித்துவிடும். அதனால் ஒவ்வொரு பெயரையும் கூகுள் மேப்பில் பார்த்துக்கொண்டு வண்டியை எடுங்கள்.

2. ஏற்காட்டின் உயரம் ஒரு பதிலில் 1,515 மீட்டர், இன்னொரு பதிலில் 1,623 மீட்டர் என்று வரும். முதலாவது ஊருக்கு, அடுத்தது சேர்வராயன் கோயில் உச்சிக்கு. எண் இரண்டாக வந்தால், 'இது எந்த இடத்துக் கணக்கு?' என்று மறுபடி கேளுங்கள்.

3. கிளியூர் அருவியில் இன்று தண்ணீர் கொட்டுகிறதா என்பதை ஏஐயிடம் கேட்காதீர்கள். மேப்பில் இந்த வாரம் போட்ட படங்களைத் தேடுங்கள். வெறும் பாறையைப் பார்க்க அத்தனை தூரம் இறங்கி ஏற வேண்டாம்.

4. மழை நாளில் சேலம் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை நம்பிக் கிளம்புமுன், கூகுளில் 'செய்திகள்' பகுதியைத் தட்டுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. மாற்றுப் பாதையான குப்பனூர் வழியையும் சேர்த்தே விசாரியுங்கள்.

5. ரூம் தேடும்போது முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் விளம்பரம்தான். இரண்டு வேறு தளங்களில் அந்த விடுதிக்கு ஒரே போன் நம்பர் இருந்தால் மட்டும் அட்வான்ஸ் அனுப்புங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள்.

6. வாங்கி வந்த மிளகுக்கொடி வாடினால், படம் எடுத்து ஏஐயிடம் காட்டலாம். என்னவாக இருக்கும் என்று நாலு காரணம் சொல்லும். மருந்தின் அளவை மட்டும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலோ, ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

7. பிள்ளைகளுக்கு ஏற்காட்டு வரலாறு வேண்டுமா? ரிச்சர்ட்ஸ் எழுதிய 1918-ஆம் ஆண்டு சேலம் கெசட்டியரைத் தேடி எடுத்து, வேண்டிய பக்கத்தை ஏஐயிடம் கொடுத்துத் தமிழில் சுருக்கச் சொல்லுங்கள். மாவு நாம் கொடுத்தால் தோசையை அது ஒழுங்காகவே சுடும்; பெயரையும் ஆண்டையும் மட்டும் மூலத்தோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.