பாத யாத்திரைக்கு ஊன்றுகோல்: எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி ஊன்றுவது?



பழனி ஆண்டவர் கையில் தண்டம் ஏந்தி நிற்பதால்தான் அவருக்கு தண்டாயுதபாணி என்று பெயர். ஆனா அவரைப் பார்க்க நடந்து போற நம்ம பசங்ககிட்ட "ஒரு கோல் எடுத்துக்கோ"ன்னு சொன்னா, "அது தாத்தாங்களுக்கு ப்ரோ"ன்னு சிரிக்கிறாங்க. நாள் கணக்கில் நடக்கிறவங்களுக்கு இது வயசு விஷயமே இல்லை. இரண்டாம் நாளே முழங்கால் மக்கர் பண்ணினா வேண்டுதல் பாதி வழியில் நின்னுடும். அதைத் தவிர்க்கக் கோல் உதவும். ஆனா நீளமும் பிடியும் சரியா இருக்கணும்.

கோல் என்ன செய்கிறது?

ஒவ்வொரு அடியிலும் உடல் எடை, பை எடை எல்லாம் காலில்தான் இறங்குது. அதில் ஒரு பங்கைக் கோல் வழியாகக் கையும் தோளும் வாங்கிக்கும். நம்ம ஐடி பாஷையில் லோட் பேலன்சிங்! இறக்கத்தில்தான் முழங்காலுக்கு அடி அதிகம். 1999இல் வெளியான ஓர் ஆய்வில், 25 டிகிரி சரிவில் இரண்டு கோல் ஊன்றி இறங்கியவர்களின் முழங்காலில் விழும் விசைகள் 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்திருந்தன. பதிலுக்குக் கையும் உழைப்பதால் இதயத்துடிப்பு கொஞ்சம் கூடலாம். சமதளத்தில் பலன் குறைவுதான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. நீளம்: செருப்போ ஷூவோ, நடக்கப் போறதையே போட்டுக்கிட்டு நில்லுங்க. கோலை நேரா ஊன்றிப் பிடிச்சா முழங்கை 90 டிகிரியில் மடங்கணும். தோராயக் கணக்கு: உயரத்தை 0.68ஆல் பெருக்குங்க. 170 செ.மீ. உயரம்னா சுமார் 115 செ.மீ. கோல். நீளத்தை மாற்றக்கூடியதா வாங்குங்க. ஏற்றத்தில் 5 முதல் 10 செ.மீ. குறைக்கணும், இறக்கத்தில் அதே அளவு கூட்டணும்.

2. உலோகமா, கார்பனா: கார்பன் லேசானது, ஆனா பக்கவாட்டில் பலமா அடிபட்டா முறிஞ்சிடலாம். அலுமினியம் பெரும்பாலும் வளையும், சட்டுனு முறியாது. முதல் யாத்திரைக்கு அலுமினியம் போதும்.

3. லாக்: வெளியே தெரியும் க்ளிப் லாக் நல்லது. முறுக்கும் லாக் சரியா இறுகிடுச்சான்னு பார்த்தவுடன் தெரியாது. கடையிலேயே பூட்டி, எடையைப் போட்டு அழுத்திப் பாருங்க. உள்ளே சறுக்கினா வேண்டாம்.

4. முனை: தார்ச் சாலைக்கு ரப்பர் முனை, மண்ணுக்கும் கரடுமுரடான பாதைக்கும் உலோக முனை. ரப்பர் தேயும், அதனால உபரியா ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

எப்படி ஊன்றுவது?

பட்டைக்குள் கையைக் கீழிருந்து மேலாக நுழைச்சு, பட்டையோடு சேர்த்துக் கைப்பிடியைப் பிடிங்க. எடை பட்டையில் இறங்கும். விரலை இறுக்கவே தேவையில்லை. விழும் அபாயமுள்ள பாறைப் பகுதியில் மட்டும் பட்டையிலிருந்து கையை எடுத்துடுங்க, மணிக்கட்டு மாட்டிக்கக் கூடாது.

வலது கால் முன்னே போகும்போது இடது கோல், இடது காலுக்கு வலது கோல். சாதாரணமா கை வீசி நடக்கிற அதே தாளம்தான். சமதளத்தில் முனை கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்திருக்கணும், அப்போதான் உடம்பை முன்னே தள்ளும். இறக்கத்தில் முதலில் கோலைக் கீழே ஊன்றுங்க, அப்புறம் காலை வைங்க.

மூங்கில் தடி போதுமா?

தாராளமா! வெள்ளியங்கிரி ஏறுபவர்கள் அடிவாரத்தில் வாங்குவது மூங்கில் தடிதான். நீளவாக்கில் விரிசல் இருக்கான்னு பாருங்க. தரையில் ஊன்றி அழுத்தி, வளையுதான்னு சோதிங்க. தோள் உயரம் இருந்தா இறங்கும்போது மேலே பிடிச்சுக்கலாம். ஒற்றைத் தடி என்பதால் அடிக்கடி கை மாற்றுங்க, இல்லேன்னா ஒரு தோள் மட்டும் வலிக்கும். உச்சிக்குப் போனதும் தூக்கிப் போட்டுடாதீங்க. அதிகம் தேவைப்படுவது இறங்கும்போதுதான்.

கூட்டத்தில் கவனம்

தைப்பூச நெரிசலில் பின்னால் வீசும் கோல்முனை அடுத்தவர் காலைக் குத்தும். பழனி படிக்கட்டுக்கு வந்ததும் மடக்கிப் பையில் வெச்சுடுங்க. இரவில் சாலையோரம் நடப்பவர்கள் கோலில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்க, வண்டிக்காரங்களுக்குத் தெரியும்.

கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கோலோடு நடந்து பழகுங்க. அம்மா அப்பா கூட வர்றாங்கன்னா, அவங்க உயரத்துக்கு நீங்களே செட் பண்ணிக் கொடுத்து, பட்டை பிடிக்கிற விதத்தையும் காட்டிக் கொடுங்க. ஏற்கெனவே முழங்கால் வலி இருக்கிறவங்க முதலில் டாக்டரைப் பாருங்க, கோல் வைத்தியம் ஆகாது.

யாத்திரைக் குழுவில் இதைப் பகிருங்க. பத்திரமா நடந்து, பத்திரமா இறங்குவோம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!