சேற்றில் கால், முட்டியில் வலி

நடவு சீசன் முடிஞ்சா தஞ்சாவூர்ப் பக்கம் 'முட்டி பிடிச்சுக்கிச்சு' என்பது வழக்கமான பேச்சு. முட்டிச் சில்லு, தொடை எலும்பு முனையிலுள்ள பள்ளத்தில் ஏறி இறங்க வேண்டும். சிலருக்கு அது சற்று மேலேயோ வெளிப்பக்கமாகவோ அமைந்திருக்கும். குந்தி எழும்போதெல்லாம் அழுத்தம் சின்ன இடத்திலேயே விழுவதால் அங்கே குருத்தெலும்பு தேயும், வெடிக்கும். தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியே இதற்கு முதல் வைத்தியம்.

ஜவ்வு கிழிவது வேறு கதை. பாதம் சேற்றில் புதைந்திருக்க, உடம்பை மட்டும் திருப்பினால் போதும். நாற்று முடி வாங்கத் திரும்பும்போது காலையும் எடுத்து வையுங்க. முட்டி வீங்கினாலோ, நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ நீவிவிட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்க. எக்ஸ்ரேயில் சில்லின் இடம் தெரியும், ஜவ்வு தெரியாது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தேவைப்படுவோருக்கு இயன்முறை சிகிச்சை வீட்டிலேயே கிடைக்கும். ஆலோசனைக்கு 104.