சிங்கப்பூர் ஓட்டலில் விட்டு வந்த நாலு பவுன் சங்கிலி

கேள்வி: மே மாதம் நானும் என் கணவரும் ஒரு டூர் கம்பெனியின் சிங்கப்பூர் – மலேசியா பேக்கேஜில் போனோம். செந்தோசாவில் தண்ணீர் விளையாட்டுக்குப் போன அன்று, கழுத்தில் கிடந்த நாலு பவுன் சங்கிலியைக் கழற்றி ஓட்டல் அறை லாக்கரில் வைத்தேன். மறுநாள் விடியற்காலை திருச்சி விமானம். அவசரத்தில் எடுக்க மறந்துவிட்டேன். ஊருக்கு வந்து போன் செய்ததும், சங்கிலி கிடைத்துவிட்டது, 90 நாட்கள் பத்திரமாக வைத்திருப்போம், யாரையாவது அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஓட்டலிலிருந்து மெயில் வந்தது. எங்கள் டூர் மேனேஜர், “அடுத்த பேட்ச் வரும்போது ஒருத்தர் கழுத்தில் போட்டு அனுப்பிவிடுகிறேன், பத்தாயிரம் செலவாகும்” என்கிறார். முன்பணமாக மூவாயிரம் கொடுத்துவிட்டோம். என் நாத்தனார் மகள் நான்கு வருடமாகச் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அவளிடம் சொல்லலாமா? கூரியரில் வருமா? 90 நாள் தாண்டினால் சங்கிலி ஓட்டலுக்குச் சொந்தமாகிவிடுமா? சங்கிலி மூன்று வருடம் முன்பு பழைய நகையை மாற்றி வாங்கியது. பில் இருக்கிறது. போகும்போது விமான நிலையத்தில் எந்தச் சான்றும் வாங்கவில்லை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, சங்கிலி கிடைத்துவிட்டது, அதை எழுத்திலும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலானோருக்கு இந்த இரண்டும் வாய்ப்பதில்லை. இனி ஓட்டலால் உங்களுக்கு ஆபத்தில்லை. சங்கிலி ஊருக்கு எந்த வழியில் வருகிறது என்பதில்தான் ஆபத்து. டூர் மேனேஜர் சொல்லும் வழி வேண்டாம். இன்றே நிறுத்துங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் 90 நாள் கணக்கு. அது ஓட்டல் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட விதி. அது முடிந்ததும் உரிமை கைமாறிவிடாது. மறந்து வைப்பது வேறு, வேண்டாம் என்று விட்டுவிடுவது வேறு. இன்னொருவர் பொருளைக் கண்டெடுத்தவருக்கு உலகில் மற்ற எல்லோரையும் விட அதில் மேலான உரிமை உண்டு, உண்மையான சொந்தக்காரர் ஒருவரைத் தவிர. 1722-இல் புகைபோக்கி துடைக்கும் சிறுவன் ஒருவன் கண்டெடுத்த நகை பற்றிய வழக்கிலிருந்து இங்கிலாந்து நீதிமன்றங்கள் இதையே சொல்லி வருகின்றன. 1978-இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஓய்வறையில் ஒரு பயணிக்குத் தங்கக் காப்பு கிடைத்தது. அது கண்டெடுத்தவருக்கா, இடத்துக்குப் பொறுப்பான விமான நிறுவனத்துக்கா என்று மேல்முறையீடு வரை போனது. 1982-இல் கண்டெடுத்தவர் ஜெயித்தார். சொந்தக்காரர் கடைசி வரை வராததால்தான் அந்தச் சண்டையே வந்தது. சிங்கப்பூரின் பொதுச் சட்டத்துக்கும் இந்த ஆங்கிலச் சட்டம்தான் வேர். உங்கள் விஷயத்தில் சொந்தக்காரர் யார் என்பது ஓட்டலுக்கே தெரியும். அறை எண்ணும் பாஸ்போர்ட் நகலும் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன.

தெரிந்தே ஒருவர் எடுத்து வைத்துக்கொண்டால் அது அங்கே குற்றம். சிங்கப்பூர் தண்டனைச் சட்டம் நம் 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தை வார்ப்பாகக் கொண்டு எழுதப்பட்டது. நேர்மையின்றிப் பொருளைத் தனதாக்கிக்கொள்ளும் குற்றத்துக்கு அங்கே இன்றும் நம் பழைய 403 என்ற எண்ணே இருக்கிறது. நமக்கு 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சம்ஹிதையின் 314-ஆம் பிரிவு. உங்கள் ஓட்டல் நேர்மையாக நடந்திருப்பதால் இந்தப் பேச்சுக்கு இப்போது தேவையில்லை.

தேவைப்படுவது ஒரு மெயில். முன்பு எந்த மெயில் ஐ.டி.யிலிருந்து பேசினீர்களோ அதிலிருந்தே அனுப்புங்கள். தங்கிய தேதிகள், அறை எண், யார் பெயரில் பதிவு, சங்கிலியின் எடை 32 கிராம், கொக்கியின் அமைப்பு, நீங்கள் அதை அணிந்திருக்கும் ஒரு போட்டோ, இவ்வளவும் இருக்கட்டும். மூன்று கோரிக்கை வையுங்கள். சங்கிலியை எடை போட்டு, கொக்கியின் முத்திரை தெரியும்படி நெருக்கத்தில் படமெடுத்து, உறையில் சீல் வைத்து மேலாளரின் பெட்டகத்தில் வைக்க வேண்டும். என் கையெழுத்துக் கடிதமும் பாஸ்போர்ட் நகலும் இல்லாமல் யாரிடமும், குறிப்பாக டூர் கம்பெனி ஆட்களிடம், கொடுக்கக் கூடாது. நான் ஏற்பாடு செய்யும் வரை 90 நாளைக் கடந்தும் வைத்திருக்க வேண்டும். டூர் மேனேஜர் ஏற்கெனவே ஓட்டலுக்குப் போன் செய்து உங்கள் சார்பில் பேசியிருந்தால், அதை ரத்து செய்வதாகத் தனி வரி எழுதுங்கள். பொதுவாகப் பெரிய ஓட்டல்களுக்குச் சாதாரண அதிகாரக் கடிதமே போதும். சட்டப் பிரிவு இன்னும் கேட்டால், நோட்டரி முன் கையெழுத்திட்டு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை வாங்கிக்கொள்ளலாம். இரு நாடுகளும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கின்றன.

கூரியரை மறந்துவிடுங்கள். தங்கம் எந்த வடிவில் இருந்தாலும் கூரியர் வழி இறக்குமதி விதிகள் அதை ஏற்பதில்லை. “டாக்குமெண்ட்” என்று எழுதி அனுப்பிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அது பொய் அறிவிப்பு. பொட்டலம் ஸ்கேனரில் மாட்டினால், சொந்தச் சங்கிலியைக் கடத்தியவர் என்ற பெயர் உங்களுக்கு வரும்.

இப்போது டூர் மேனேஜரின் யோசனை. காசுக்காகத் தங்கத்தை உடம்பில் போட்டுக்கொண்டு வருபவர்களுக்குத் திருச்சி, சென்னைப் பக்கம் “குருவி” என்று பெயர். உங்கள் சங்கிலி அப்படி ஒருவர் கழுத்தில் வந்தால், சுங்க அதிகாரி அதை உங்கள் சங்கிலியாகப் பார்க்க மாட்டார். வந்தவர் டூரிஸ்ட், அது அவர் நகை இல்லை, கூலி வாங்கியிருக்கிறார். மூன்றும் உண்மை. பயணியின் உண்மையான சொந்தச் சாமான்களுக்குத்தான் 1962 சுங்கச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு சலுகை தருகிறது. கூலிக்கு வரும் நகை அதில் சேராது. 110-இல் கைப்பற்றுவார்கள், 111-இல் பறிமுதல், 112-இல் அபராதம். 112 கொண்டுவந்தவரோடு நிற்பதில்லை, தூண்டியவர், உதவியவர் மீதும் பாயும். “இவர்தான் அனுப்பச் சொன்னார்” என்று அவர் வாக்குமூலம் கொடுத்த மறுநிமிடம் நோட்டீஸ் கும்பகோணத்துக்கு வரும்.

இன்னொரு பிரிவு இதைவிடக் கடுமையானது, 123. கடத்தல் என்று நியாயமாக நம்பித் தங்கத்தைக் கைப்பற்றினால், அது கடத்தல் அல்ல என்று நிரூபிக்கும் பாரம் யாரிடமிருந்து கைப்பற்றினார்களோ அவர் மீதும், என்னுடையது என்று உரிமை கேட்பவர் மீதும் விழுகிறது. வழக்கமாகக் குற்றத்தை அரசுதான் நிரூபிக்க வேண்டும். தங்கத்தில் நீங்கள் நிரூபிக்க வேண்டும். நகை விஷயத்தில் காகிதம் காகிதம் என்று நான் நச்சரிப்பதற்கு இதுவே காரணம். சென்னையிலும் திருச்சியிலும் நகையைப் பறிகொடுத்துவிட்டு வரும் குடும்பங்களில் பாதிப் பேர் சொல்வது உண்மைதான். உண்மையைக் காட்ட ஒரு துண்டுச் சீட்டு இருக்காது.

உங்களிடம் இருக்கிறது. பில்லை எடுத்துப் பாருங்கள். நீங்கள் வாங்கிய காலத்து ஹால்மார்க் நகை என்றால், கொக்கிக்குப் பக்கத்தில் பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும் அளவில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகள் லேசரில் பொறித்திருக்கும். எச்.யு.ஐ.டி. என்கிறார்களே, அது. அந்தக் குறியை பி.ஐ.எஸ். கேர் செயலியில் அடித்தால் எந்தக் கடை பதிவு செய்தது, எந்த மையத்தில் சோதித்தார்கள் என்று காட்டும். உங்கள் சங்கிலி இந்தியாவில் விற்பனையான நகை என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி தேட வேண்டாம். ஓட்டலிடம் முத்திரையைப் படமெடுக்கச் சொன்னது இதற்காகத்தான். பில்லில் எண் இல்லாவிட்டாலும் கடைக்காரரிடம் அந்த விற்பனைக்குரிய விவரம் எழுதிக் கேளுங்கள்.

இந்தச் சங்கிலியை எப்போதாவது வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைத்து மீட்டிருந்தால், மதிப்பீட்டாளர் எடை எழுதிய நகைக்கடன் சீட்டு இருக்கும். கூச்சப்படாமல் அதையும் சேருங்கள். நீங்கள் வெளிநாடு போகும் முன்பே அந்த நகை உங்கள் கையில் இருந்தது என்று மூன்றாவது ஆள் ஒருவர் எழுதிக் கொடுத்த தாள் அது.

அடுத்து போட்டோக்கள். திருச்சி விமான நிலையத்தில் புறப்படும்போது எடுத்த படத்தில் சங்கிலி தெரிகிறதா? தெரிந்தால் அந்தப் போனை விற்காதீர்கள், படத்தை அழிக்காதீர்கள். வாட்ஸாப்பில் அனுப்பிய நகலில் எடுத்த நேரம், இடம் போன்ற உள்விவரங்கள் போய்விடும். மூலப்படம் போனில் இருந்தால்தான், நாளை நீதிமன்றம் வரை போனாலும், பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழோடு தாக்கல் செய்ய முடியும்.

போகும்போதே சுங்கத்திடம் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கியிருந்தால் இந்த வேலையெல்லாம் மிச்சம். விமான நிலையங்களில் அந்த வசதி இருக்கிறது, மக்களுக்குத்தான் தெரிவதில்லை. டூர் கம்பெனிகள் குடை எடுத்து வாருங்கள் என்று பட்டியல் தருகின்றன. இதை அந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கக் கூடாதா என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

உங்கள் நாத்தனார் மகளிடம் சொல்லலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. உங்கள் கடிதத்தோடு ஓட்டலுக்குப் போய்ச் சங்கிலியை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும். 90 நாள் கவலை அத்தோடு தீர்ந்தது. ஊருக்குக் கொண்டுவருவது தனிக் கேள்வி. ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் பெண் பயணிக்கு 40 கிராம் நகை வரை சுங்கம் இல்லை, ஆணுக்கு 20 கிராம். 32 கிராம் அதற்குள் அடங்கும் என்று தோன்றும். அவள் கழுத்திலும் கையிலும் அவளுடைய நகை இருக்குமே, அதையும் சேர்த்துத்தான் கணக்கு. மேலும் அந்தச் சலுகை அவளுடைய சொந்தச் சாமானுக்கு. அத்தையின் சங்கிலி என்றால் கேள்வி வரும், அவள் பொய் சொல்ல நேரிடக் கூடாது. வேலை பார்க்கும் பிள்ளை, அடிக்கடி வந்து போகிறவள். அவள் பாஸ்போர்ட்டில் ஒரு கடத்தல் வழக்கு ஏறுவதற்கு உங்கள் சங்கிலி காரணமாக வேண்டாம்.

என் விருப்பம், நீங்களே போய் வாருங்கள். உங்கள் சிங்கப்பூர் விசா இன்னும் செல்லுபடியாகிறதா, மறுபடி நுழைய அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்றைய தங்க விலையில் நாலு பவுனுக்கு ஒரு விமான டிக்கெட் பெரிய செலவில்லை. மேனேஜர் கேட்ட பத்தாயிரத்தையும் அதில் கழித்துக்கொள்ளுங்கள். சங்கிலியை வாங்கும்போது, “விருந்தினர் அறையில் மறந்து வைத்த நகை, இன்ன தேதியில் உரியவரிடம் ஒப்படைத்தோம்” என்று ஓட்டலின் தாளில் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். அணிந்துகொண்டு வாருங்கள், பையில் ஒளிக்காதீர்கள். திருச்சியில் இறங்கியதும் சுங்கத்திடம் அறிவிப்பதற்கான ரெட் சேனலுக்குப் போய், சுங்கச் சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி நீங்களாகவே சொல்லுங்கள்: இது என் நகை, மே மாதம் இங்கிருந்து அணிந்துபோனேன், மறந்து வைத்தேன், பில்லும் மெயிலும் இதோ. தானாக முன்வந்து சொன்னவரைக் கடத்தல்காரர் என்பது கடினம்.

அப்படியும் ஏற்க மறுத்தால் விமான நிலையத்தில் வாக்குவாதம் வேண்டாம். எடையும் விவரமும் எழுதிய ரசீது இல்லாமல் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்காதீர்கள். “எனக்கு நோட்டீஸ் தேவையில்லை, விசாரணை தேவையில்லை” என்று அச்சடித்த தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். அப்படி அச்சில் வாங்கும் கையெழுத்தை 2025-இல் டெல்லி உயர்நீதிமன்றம் செல்லாது என்று சொல்லியிருக்கிறது. கைப்பற்றிய ஆறு மாதத்துக்குள் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும், அவர்கள் அதை இன்னொரு ஆறு மாதம் நீட்டிக்கலாம். எதிராக உத்தரவு வந்தால் 60 நாளுக்குள் சுங்க ஆணையர் (மேல்முறையீடு) முன் மனு. அதற்கும் மேலே, பேகேஜ், அதாவது பயணியின் சாமான் பற்றிய வழக்குகள், சுங்கத் தீர்ப்பாயத்துக்குப் போகாது. மத்திய அரசிடம் சீராய்வு மனு போட வேண்டும், மூன்று மாதக் கெடு.

இலங்கையிலிருந்து வந்த புதுமணப் பெண் ஒருவரின் தாலிக்கொடியைச் சென்னை விமான நிலையத்தில் கழற்றி வாங்கிய வழக்கில், 2025-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதைத் திருப்பித் தரச் சொன்னார். உடலில் அணிந்துவரும் நகைக்குப் பேகேஜ் விதிகள் பொருந்தாது என்பது தீர்ப்பின் சாரம். பெண்களின் கழுத்து நகை வெறும் சரக்கு அல்ல என்று ஒரு நீதிமன்றம் புரிந்துகொண்டது எனக்கு நிறைவு தந்தது. ஆனாலும் அதை மட்டும் நம்பிக் காகிதம் இல்லாமல் வராதீர்கள். அந்தப் பெண் உயர்நீதிமன்றம் வரை ஏற வேண்டியிருந்தது.

கொடுத்த மூவாயிரத்தை டூர் மேனேஜரிடம் வாட்ஸாப்பில் எழுதித் திருப்பிக் கேளுங்கள், போனில் பேசி முடிக்காதீர்கள். சங்கிலியை நீங்கள் மறந்ததற்கு டூர் கம்பெனி பொறுப்பாகாது, அதற்காக நஷ்டஈடு கேட்டால் நிற்காது. செய்யாத வேலைக்கு வாங்கிய முன்பணம் வேறு விஷயம். தராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், கம்பெனி அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி.