வடசென்னையில் ஒரு வரலாற்றுப் பயணம்

சென்னையைச் சுற்றிப் பார்க்க வருவோர் மெரீனாவையும் கோட்டையையும் அருங்காட்சியகத்தையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். வடக்கே துறைமுகமும் ஆலைப் புகையும் தவிர வேறு என்ன உண்டு என்பது பலருடைய எண்ணம். வரலாறு பயிலும் நாமும் அவ்வாறு எண்ணலாமா? இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை ஒரு நாள் சென்று வருவோம். ‘இதைக் கட்டியவர் யார்? ஏன் இங்கே கட்டினர்?’ என்னும் இரு வினாக்களை மட்டும் உடன் கொண்டு செல்வோம்.

முதலில் இராயபுரம் இரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. சென்ட்ரல் நிலையம் எழுந்தது 1873இல்தான். சரக்கு இறங்கும் கடற்கரையும் வணிகர் வாழ்ந்த கறுப்பர் நகரமும் அருகில் இருந்தமையே இங்கு நிலையம் அமையக் காரணம். நாட்டில் இன்றும் நிலைத்து நிற்கும் மிகப் பழைய இரயில் நிலையக் கட்டடம் இதுவே. இத்தகைய சிறப்பிருந்தும் நெடுங்காலம் பாழடைந்து கிடந்து, 2005இல்தான் புதுப்பிக்கப்பெற்றது.

அடுத்து, 1829இல் எழுந்த புனித இராயப்பர் தேவாலயம். அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. அதன் பணி 1870களில்தான் தொடங்கியது. கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகில் கரை சேர்த்தவர்கள் படகோட்டிகள். அப்படகின் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை மோதினால் வளைந்து கொடுக்குமே தவிர எளிதில் உடையாது. அந்த உழைப்பாளர் சேர்த்த பொருளால் உருவானதே இக்கோயில்.

வடக்கே திருவொற்றியூர். தேவார மூவரும் பாடிய திருத்தலம்; சுந்தரர் சங்கிலியாரை மணந்த இடம் எனப் பெரியபுராணம் கூறும். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் இங்குக் கருங்கல் விமானம் எழுப்பிய சிற்பி, இரவி என்னும் வீரசோழத் தச்சன். மன்னன் பெயரோடு தச்சன் பெயரையும் கல்வெட்டு காத்து வைத்திருக்கிறது.

ஆக, நாம் வினவிய ‘யார்?’ என்பதற்கு மன்னரும் ஆளுநரும் மட்டும் விடையல்லர். படகோட்டியும் தச்சனும் விடையாவர். இந்த விடை பாடநூலில் ஓரிரு வரியில் முடிந்துவிடலாம். நேரில் கண்டால்தான் நெஞ்சில் நிற்கும்.

அருமை அறியாத பொருளை எவரும் காப்பதில்லை. இராயபுரம் நிலையம் பாழடைந்து கிடந்த கதை நமக்குப் பாடமாகட்டும். வரும் விடுமுறையில் குறிப்பேட்டுடன் புறப்படுவோம், கண்டவற்றை எழுதி வைப்போம், வீட்டாருக்கும் சொல்லுவோம்.