தூரத்து மோட்டருக்கு எந்த வழி?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் கிளிநொச்சி அறிவியல்நகரிலே அமைந்த பிறகு, இலத்திரனியல் கற்கும் பிள்ளைகள் இப்பகுதியிற் பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரிய விஷயமே. ஆயினும், குளக்கட்டிலுள்ள மிதவை ஆளியின் நிலையைத் தூரத்து மோட்டரின் ரிலே அப்படியே பின்பற்ற வேண்டும் என்ற எளிய தேவைக்குக்கூட, கைப்பேசியிலே படம் தெரிந்தாற்றான் பெறுமதி என்ற நாகரிக மோகத்தினாலும், கனடாவிலிருக்கும் மாமா ‘இனி எல்லாம் மேகக்கணிமைதான்’ என்றார் எனத் தகப்பனார் வற்புறுத்துவதனாலும், பொருந்தாத வழியையே அவர்கள் தெரிந்தெடுப்பதைக் காண மனம் வருந்துகிறது.

இருக்கிற வழிகள் பலரும் அறிந்தவையே. இரண்டு இடங்களும் ஒரே வளவுக்குள் இருந்தால் ஆர்.எஸ்.-485 கம்பியும், 1979இல் மொடிக்கன் நிறுவனம் வெளியிட்ட மொட்பஸ் நெறிமுறையும் போதும். முறுக்கிய இரட்டைக் கம்பி ஏறத்தாழ 1200 மீற்றர் வரை ஓடும், இரு முனைகளிலும் 120 ஓம் தடை வேண்டும், வன்னியின் இடிமின்னலுக்குக் காப்பும் வேண்டும். ஈதர்நெட் ஏற்கெனவே உண்டெனில், நடுவிற் கணினியின்றியே உள்ளீட்டுக் கட்டுப்படுத்தி தன் நிலையை வெளியீட்டுக் கட்டுப்படுத்திக்கு நேராக அனுப்பும் சாதனங்கள் உள்ளன; இரண்டுக்கும் மாறாத ஐ.பி. முகவரி கொடுத்து, மாற்றம் நேரும்போது மட்டுமன்றிக் குறித்த இடைவெளியிலும் நிலையை அனுப்பும்படி அமைத்தால் வேலை முடிந்தது. நிபந்தனைகள் பலவாயின் பி.எல்.சி. என்னும் நிரற்படு தருக்கக் கட்டுப்படுத்தி; வயல்களைத் தாண்டிய கிலோமீற்றர்க் கணக்கான தூரமாயின் லோரா என்னும் நெடுந்தூர வானொலித் தொடர்பு.

என் அச்சமெல்லாம் எஞ்சிய ஒரு வழியைப் பற்றியதே. ஓர் ஈ.எஸ்.பி.32 நுண்கட்டுப்படுத்திப் பலகையையும் ஒரு சிம்மையும் வைத்து, அயல்நாட்டுச் சேவையகம் ஒன்றின் வழியாக, இருநூறு மீற்றருக்கு அப்பாலுள்ள மோட்டரை இயக்கப் புறப்படுவதே அது. இதற்குப் பயன்படும் எம்.கியூ.டி.டி. நெறிமுறை இழிந்ததன்று; 1999இல் அன்டி ஸ்டான்போர்ட்-கிளார்க்கும் ஆர்லென் நிப்பரும், செய்மதி இணைப்பு விலையுயர்ந்திருந்த காலத்தில், எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிப்பதற்காக ஆக்கியது அது. குற்றம், அதன் இயல்பைப் படியாமற் பிரயோகிப்பவரிடமே உள்ளது. ‘ஓடு’ என்ற கட்டளையைச் சேவையகம் தக்கவைத்துக்கொள்ளும்படி அனுப்பிவிட்டால், மின்சாரம் போய் நள்ளிரவில் வந்து பலகை மறுபடி இணையும்போது அந்தப் பழைய கட்டளை மீண்டும் கையளிக்கப்பட, கேட்பாரின்றி மோட்டர் ஓடும். அவ்வாறு வற்றிய கிணற்றிலே ஓடிய மோட்டரை நான் கண்டதுண்டு. ‘ஓடு’, ‘நில்’ என்று நிலையைச் சொல்லாமல் ‘மாற்று’ என்று சொல்லும் பழக்கம் இன்னும் விபரீதமானது: குறைந்தது ஒரு முறையாவது சேர்ப்பிப்பதாக உறுதி கூறும் ‘சேவைத் தரம் 1’ என்ற முறையில் அதே செய்தி இருமுறை வரக்கூடுமாதலால், ஓடத் தொடங்கிய மோட்டர் அக்கணமே நின்றுவிடும். சிம்மில் ரீலோட் தீர்ந்த நாளில் யாரிடம் முறையிடுவது?

2018 டிசெம்பரிலே பெருமழையால் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதையும், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகள் வெள்ளத்தில் அமிழ்ந்ததையும் இவ்வூரார் மறந்திரார். கட்டுப்பாடு மிகமிக அவசியமாகும் அத்தகைய நாளிலேயே மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் ஓயக்கூடும். ஆதலால் எவ்வழியைக் கொண்டாலும், தொடர்பு அறுந்தபின் வெளியீடு என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் எழுதிவைத்தல் வேண்டும்: மோட்டர் நிற்கட்டும், நீர்க்கதவாயின் இருந்த நிலையிலேயே இருக்கட்டும். இதைக் கேட்டு விடையின்றி விழித்த மாணாக்கர் பலர். அவர்களுடைய கைப்பேசித் திரைகளோ மிக அழகானவை.

நான் கம்பிக் கட்சிக்காரன் என்பதை வாசகர் இதற்குள் ஊகித்திருப்பர்; அதை மறைக்கும் உத்தேசமும் எனக்கில்லை. அவரவர் சுபாவமும் இங்கே கவனிக்கத்தக்கது. முனையாணியை இறுக்கி, மானியை வைத்து அளந்து, இணைப்பை வேண்டுமென்றே பிடுங்கிவிட்டு என்ன நேர்கிறதென்று அரைநாள் காத்திருக்கும் பொறுமை சிலருக்கு இயல்பாகவே உண்டு. அது இல்லாதவர் மென்பொருளிற் சிறக்கலாம், அதிற் குறைவொன்றுமில்லை. பெற்றோர் அந்த விருப்பத்தை அறிந்து, அதற்கு இடங்கொடுத்தாற் போதும். தம்பி, தங்கச்சிமாரே, செயற்றிட்டத்தின் தலைப்பைப் பதிவதற்கு முன், மழைநாள் ஒன்றிலே கமக்காரர் ஒருவருடன் அவருடைய மோட்டர் அறைக்குச் சென்று, அங்கே சிக்னல் எத்தனை கோடு காட்டுகிறதென்று பார்த்துவாருங்கள்.