உறைபனியில் ஒரு காலை
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

உதகையில் படிக்கும் நமக்கு உறைபனி புதிதன்று. சமவெளியிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் நண்பர்கள்தாம் நவம்பர் பிறந்ததும் புல்வெளிக்கு ஓடுகிறார்கள். எங்கள் வீட்டில் அதை அழகு என்று எவரும் சொன்னதில்லை. என் தந்தை பள்ளத்தில் அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து உருளைக்கிழங்கு பயிரிடுபவர். பனி என்றால் அவருக்குக் கடன்.

சென்ற கார்த்திகைக் கடைசியில், பேராசிரியரிடம் அனுமதி பெற்று ஆய்வுக்கூடத்து வெப்பநிலைமானிகள் இரண்டை வீட்டிற்குக் கொண்டு சென்றேன். ஒன்றை வேலிக் கம்பத்தில் தோள் உயரத்தில் கட்டினேன். மற்றொன்றைப் புல்லின்மேல் கிடத்தினேன். விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பார்த்தபோது மேலே இருந்தது 3 டிகிரி காட்டியது. புல்லின்மேல் இருந்தது சுழிக்குக் கீழே 2 டிகிரி.

“மூணு டிகிரின்னா தண்ணி எப்படிடா உறையும்?” என்று அப்பா கேட்டார். நல்ல கேள்வி. பனி ‘விழுகிறது’ என்கிறோமே, அது வானத்திலிருந்து விழுவதே இல்லை. இரவெல்லாம் நிலமும் இலையும் தம் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானுக்கு இழக்கின்றன. மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும். தெளிந்த, காற்றசையாத இரவில் வராது. ஆகவே இலை தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. அதைத் தொட்ட நீராவி நீராகாமல் நேரே பனிக்கட்டியாகப் படிகிறது. வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் 1814இல் வெளியிட்ட பனித்துளி பற்றிய கட்டுரையில் இக்கதிர்வீச்சுக் காரணத்தை விளக்கினார். மருத்துவர் ஒருவர் இரவில் தோட்டத்தில் வெப்பநிலைமானியோடு நின்றார் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி!

பிறகு கைலென்ஸை எடுத்தேன். இருபது ஆண்டுகள் மிதித்து நடந்த புல்லை அன்றுதான் பார்த்தேன். இலையின் நடுப்பகுதியில் மெல்லிய வெண்பொடி. ஓரங்களிலோ நெருக்கமான ஊசிகள். காற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்துக்கே நீராவி முதலில் கிடைக்கிறது. ஊசி வளர வளர அதன் நுனி இன்னும் முன்னே நீண்டு, மேலும் பெறுகிறது. ஒவ்வோர் ஊசியும் கண்ணாடிபோல் நிறமற்றது. எண்ணற்ற முகங்களில் ஒளி சிதறுவதால்தான் மொத்தமும் வெண்மையாகத் தெரிகிறது. வேலியில் இருந்த சிலந்தி வலை ஒன்று நூல் தடித்து, வெள்ளைக் கயிறாய்த் தொங்கியது. கதிரவன் மேட்டைத் தாண்டியதும் புல்வெளி முழுவதும் ஒரு நொடி நிறங்கள் தெறித்தன. நான் குளிரை மறந்து நின்றேன்.

அப்பா அப்போது குடத்தில் தண்ணீர் மொண்டு, வெயில் படுமுன் செடிகளில் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னை அழைக்கவில்லை. அது எனக்குச் சுருக்கென்றது. லென்ஸைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு ஒரு குடத்தை எடுத்தேன்.

பத்து மணிக்குள் கீழ்ப்பாத்திகள் கருகிவிட்டன. இலைக்குள் உறைந்த பனி செல்களின் நீரை உறிஞ்சி, அவற்றின் சவ்வைச் சிதைத்துவிடும். உருகியபின் இலை வெந்ததுபோல் துவள்கிறது. மேல்பாத்திகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் தண்ணீர்போல் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். எங்கள் நிலத்தின் குத்தகை ஏன் மற்றவற்றைவிடக் குறைவு என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. அப்பாவிடம் சொன்னேன். “அது தெரிஞ்சுதானே எடுத்தேன், மேட்டு நிலத்துக்குப் பணம் எங்கே? உனக்கு காலேஜுக்குக் கட்டணுமே” என்றார்.

இந்த ஆண்டு கீழ்ப்பாத்திகளில் குளிர் தாங்கும் முட்டைக்கோஸ் நட்டிருக்கிறோம். அதன் அகன்ற இலையில் பனி எப்படிப் படிகிறது என்று நான் இன்னும் பார்க்கவில்லை. அப்பா பார்த்துவிட்டார். லென்ஸ் இப்போது அவரிடம்தான் இருக்கிறது.